அந்த வசனத்தைச் சொன்னது யார்?

என் மகளுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. பாடசாலைக் காலைக் கூட்டத்தில், வரிசையில் நின்றபடியே விழுந்தாள். செய்தி வந்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். அன்றிலிருந்து ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சிரித்ததில்லை. அதிலிருந்து கர்த்தர் எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது சிலாபத்துக்குப் பக்கத்தில். என் கணவர் ஓட்டோ ஓடுகிறார். அந்த வருடம் புதுவருட ஆராதனையில், வருடத்துக்கு ஒரு வசனம் என்று குலுக்கி எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை எடுத்தபோது எனக்குக் கிடைத்தது யோபு எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனம். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அட்டையை அலுமாரிக் கதவில் ஒட்டினேன். அது போதாதென்று இவரை நச்சரித்து ஓட்டோவின் பின்கண்ணாடியிலும் பெரிய எழுத்தில் ஒட்டவைத்தேன். அடுத்த மாதமே மகள் விழுந்தாள்.

எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தை நடத்துகிற ரோஸ்லின் அக்கா ஓடிவந்தார். நல்ல மனுஷி, ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. மகளின் தலையில் கைவைத்து அழுது ஜெபித்தார். எழும்பினதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, வசனம் பொய் சொல்லாது. முடிவு சம்பூரணமாகும் எண்டா ஆகத்தான் வேணும். ஆகேல்ல எண்டா வீட்டுக்குள்ள ஏதோ பாவம் ஒளிஞ்சிருக்கு. தேடிப் பாருங்க."

தேடினேன். என் பழைய கோபங்கள், மாமியோடு போட்ட சண்டைகள், எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். வலிப்பு நிற்கவில்லை. நல்ல வேளை, கிளினிக் மருந்தை நிறுத்தவில்லை. அந்தளவுக்காவது புத்தி இருந்தது. பிறகு என் கண் கணவர் மேல் விழுந்தது. இவருக்கு அதிகம் ஹயர் சவாரி கிடைப்பது முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போகிறவர்களால்தான்.

"கோயிலுக்கு ஆள் ஏத்துறீங்களே, அதுதான் பிள்ளைக்கு வந்து விழுது" என்றேன்.

"நல்ல கதை! வயசுபோன சனம் வெயில்ல நடந்து போகட்டும் எண்டா கர்த்தர் சொன்னவர்?" என்று கேட்டார். ஆனாலும் பிள்ளைக்காக விட்டுவிட்டார். திருவிழாக் காலத்தில், ஓட்டோக்காரர் எல்லாருக்கும் ஓய்வே இல்லாத நாட்களில், எங்கள் ஓட்டோ முற்றத்தில் நின்றது. இவர் என்னோடு கதைப்பதும் குறைந்துபோனது.

பெரியவர்கள் நாங்கள் இப்படி அடிபட்டுக்கொண்டிருந்ததில் பிள்ளையைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை வலிப்பு விட்டுக் கண் திறக்கும்போதும் அவள் முதலில் சொல்வது இதுதான்: "அம்மா, நான் வகுப்புல நிமாலிட அழிறப்பர எடுத்தனான். அதுக்கா?" இன்னொரு நாள், "டீச்சருக்குப் பொய் சொன்னனான். அதுக்கா?"

பாவி நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கர்த்தரிட்ட மன்னிப்புக் கேளுங்க மகள்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஒருநாள் அவளுடைய கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இலக்கம் போட்டுப் பாவங்களை எழுதியிருந்தாள். அழிறப்பர், பொய், தம்பியின் டொபியை ஒளித்துச் சாப்பிட்டது. கடைசியாக, "எனக்குத் தெரியாத பாவம்" என்று எழுதியிருந்தாள். "ஆண்டவரே, அந்தப் பாவம் எது என்று இன்றைக்காவது காட்டும்" என்று கொப்பியைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

அந்த வாரமே கிளினிக் நாள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். வேதாகமத்தை எடுத்தேன், கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். "நம்மட வசனம் இருக்கிற அதிகாரத்த முதல்ல இருந்து வாசிங்க மகள்" என்று அவளிடம் கொடுத்தேன். இத்தனை நாளும் நான் அந்த ஒரு வசனத்தைத் தவிர முன்னும் பின்னும் பார்த்ததே இல்லை.

நாலாம் வசனத்தில் அவள் குரல் இறங்கிப்போனது. அந்த இடத்தில் ஒருவர், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்குத் தண்டனை கிடைத்தது என்கிற மாதிரிப் பேசுகிறார்.

"அம்மா, யோபுட பிள்ளைகள் என்ன பாவம் செஞ்சவங்க?"

"அப்பிடி ஒண்டும் இல்ல மகள். காத்தடிச்சு வீடு விழுந்து செத்தவங்க."

"அப்ப ஏன் இப்பிடிச் சொல்றார்? இது ஆரு, கர்த்தரா?"

புத்தகத்தை வாங்கி, கையை நீட்டி எட்டப் பிடித்து முதல் வசனத்தைப் பார்த்தேன். பில்தாத். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று சிநேகிதரில் ஒருவன். நாலாம் வசனத்தைச் சொன்ன அதே வாய்தான் ஏழாம் வசனத்தையும் சொல்லியிருக்கிறது. நீ சுத்தமாய் இருந்தால் உன் முடிவு நன்றாக இருக்கும் என்கிறான். இருபது வருட விசுவாசி நான். அதை யார் சொன்னது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோபுவின் புத்தகம் முழுவதையும் மூன்று நாளில் வாசித்தேன். யோபு உத்தமன் என்று முதல் அதிகாரத்திலேயே கர்த்தர் சொல்கிறார். சிநேகிதர்கள் விடாமல் பாவத்தைத் தேடுகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருகிறது, யோபு மேல் அல்ல, அந்த மூன்று பேர் மேல். நீங்கள் என்னைப்பற்றி நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அப்பாடா! அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளையை அவர் தண்டிக்கவில்லை. ஒருநாளும் தண்டிக்கவில்லை.

நான் கேட்டபடியே கர்த்தர் பாவத்தையும் காட்டினார். அது ஓட்டோவில் இல்லை, பிள்ளையிடமும் இல்லை. என் வாயில் இருந்தது.

மகளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் சிவப்புப் பேனையால் பட்டியல் முழுவதையும் வெட்டினாள். ஒன்றை மட்டும் விட்டாள். "அழிறப்பர் உண்மையாவே குடுக்கோணும் அம்மா" என்றாள். அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப பின்கண்ணாடியில இருக்கிறத கிழிக்கவா?" என்று நக்கலாகக் கேட்டார். "விடுங்க. யோபுட முடிவ நல்லதாக்கினவர் கர்த்தர்தான். பில்தாத் சொன்ன காரணம்தான் பிழை" என்றேன். மறுநாள் காலை இவர் முன்னேஸ்வரத்துக்கு ஹயர் போனார்.

ரோஸ்லின் அக்காவுக்குச் சொல்லத்தான் பயந்தேன். ஆனாலும் போய்ச் சொன்னேன். "என்ட மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதப்பவும் எனக்கு இதத்தான் சொன்னவங்க தங்கச்சி" என்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். இப்போது எங்கள் ஜெபக் கூட்டத்தில் யார் எந்த அட்டையைக் கொண்டுவந்தாலும், யார் யாருக்குச் சொன்னது என்று அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் ஜெபிக்கிறோம்.

வலிப்பு அடியோடு நின்றுவிட்டது என்று சாட்சிக்காகப் பொய் சொல்ல மாட்டேன். டொக்டர் மருந்தை மாற்றினார், நன்றாகக் குறைந்திருக்கிறது. அதற்கும் கர்த்தருக்கு நன்றி. உங்கள் வீட்டிலும் ஒரு அட்டை ஒட்டியிருக்கலாம். தயவுசெய்து அந்த அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். நாம் பயந்தபடி அவர் இல்லை, அவரை நம்பலாம்.

போன மாதம் மகள் திரும்ப ஒருமுறை விழுந்தாள். மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் வாயையே பார்த்தேன்.

"அம்மா, பசிக்குது. பாண் இருக்கா?"

"ஓம் மகள், இருக்கு" என்றேன்.