மூன்றாவது மஞ்சள் அட்டை

மகள் ஆடிய பெண்கள் லீக்கில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் யாரை மேலே வைப்பது என்பதற்கு ஐந்து படிகள் இருந்தன. மலாய் மொழியில் இரண்டு பக்க விதித்தாள். எங்கள் அணியில் அதை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். இருபது ஆண்டுகளாக வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிறேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரிவரை போய்விடும் பழக்கம்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைத் தமிழில் சுருக்கிப் போட்டதும் நான்தான். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம். அதுவும் சமமானால் அடித்த கோல்கள். அதுவும் சமமானால் அந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தின் முடிவு. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நான்காவது படி அட்டைகள்: ஒரு மஞ்சளுக்கு ஒரு புள்ளி கழிவு, சிவப்புக்கு மூன்று. ஐந்தாவது குலுக்கல். பிரிவில் நான்கே அணிகள், ஆளுக்கு மூன்று ஆட்டம். அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்தேன்.

மகளுக்குப் பதினாறு வயது, கோல் கீப்பர். பதினாறு வயதுக்குட்பட்டோர் லீக் என்பதால் அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு. பிரிவில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் அரையிறுதிக்குப் போகும். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள். கோல் அடிக்கிற பிள்ளையைப் பற்றி நாலு பேர் சொல்லியாவது அவர்கள் காதுக்குப் போகும், கீப்பரை நேரில் பார்த்தால்தான் உண்டு என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். மகள் இதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசவில்லை. ஆனால் அரையிறுதி நடக்கும் சனிக்கிழமைக்கு இருந்த டியூஷனை ஒரு மாதம் முன்னதாகவே வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டாள்.

பெண் பிள்ளைகளின் அணி என்றால் பதிவு செய்த பெண் அதிகாரி ஒருவர் பெஞ்சில் இருந்தாக வேண்டும். மற்ற அம்மாக்களில் பாதிப் பேருக்குச் சனிக்கிழமையும் ஃபேக்டரி வேலை. கூட்டத்தில் நின்று பயப்படுவதற்குப் பதில் பெஞ்சில் உட்கார்ந்து பயப்படலாம் என்று நான் ஒப்புக்கொண்டேன். கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள்.

பயிற்றுநர் டத்தோ கிராமாட்டில் வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, நீங்க சும்மா உக்காந்தா போதும். தண்ணி, ஐஸ், பிளாஸ்டர். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா" என்றார்.

முதல் ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். எங்கள் பிள்ளைகள் இருவர் மஞ்சள் அட்டை வாங்கினார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஆட்டம் சுங்கை பாக்காப் பிள்ளைகளோடு. ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிடம் பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை. ஒரு கார்னர் வந்தது. மகள் எழும்பினாள், எதிரணிப் பெண் ஒருத்தியும் எழும்பினாள், இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். பந்து வெளியே போனது. எதிரணிப் பெண் எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மகள் எழவில்லை. ஒருக்களித்து, முகம் புல்லில் பதிய, ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

நான் எத்தனை நொடி காத்திருந்தேன் என்று தெரியாது. அதிகம் இருக்காது. நடுவர் கையசைத்துக் கூப்பிடும் முன் பெஞ்சில் இருப்பவர்கள் திடலுக்குள் கால் வைக்கக் கூடாது. அதையும் விதித்தாளில் படித்திருந்தேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுவிட, பாதித் திடலைக் கடந்து ஓடினேன். பின்னால் பயிற்றுநர் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது கேட்டது. அது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது.

பக்கத்தில் மண்டியிட்டு அவள் தலையைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமல், உதடும் அசையாமல் அவள் சொன்னாள்:

"மா, ஒண்ணுமில்ல. டைம் ஓட்டுறேன். போங்க."

நடுவர் மலாய்க்காரர். "புவான்" என்று மரியாதையாகவே அழைத்து, என் கழுத்து அட்டையைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்தினார். வெள்ளிக்கிழமை வரை ஒரு வாடகை ஒப்பந்தத்தின் அபராதப் பிரிவைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான். ஒற்றைக் கால் செருப்போடு பெஞ்சுக்குத் திரும்பினேன்.

ஆட்டம் சமனில் முடிந்தது. பயிற்றுநருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அக்கா, கீப்பர் படுத்தா ஓடக் கூடாது. வாட்ச்ச பாக்கணும்."

"எனக்கு யாரு சொன்னா?"

"இதெல்லாம் சொல்லிக் குடுக்கிற விஷயமா அக்கா? படாங் திடல்ல நிக்கிற ஐஸ்கிரீம்காரனுக்கே தெரியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஐஸ் பெட்டியின் மூடியை மட்டும் என்னால் திறக்க முடியவில்லை. ஒரு பிள்ளை வந்து திறந்துகொடுத்தாள்.

மூன்றாவது ஆட்டம் பாலிக் புலாவ் அணியோடு. பிரிவிலேயே பலமான அணி அதுதான். இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். மகள் தடுத்தவற்றைச் சேர்த்தால் ஆறு ஏழு இருந்திருக்கும். அதே நேரத்தில் பக்கத்துத் திடலில் சுங்கை பாக்காப் பிள்ளைகள் கடைசி அணியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்டம் முடிந்தபோது அவர்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தார்கள். அப்படியே முடிந்தால் கோல் வித்தியாசத்தில் நாங்கள்தான் இரண்டாம் இடம். எங்கள் பிள்ளைகள் வேலியோரம் வரிசையாகப் போய் நின்றார்கள். கடைசி நிமிடத்தில் அங்கே இரண்டாவது கோல் விழுந்தது.

பயிற்றுநர் ஆட்டக்காரர் பட்டியலைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"நாலு புள்ளி, அவங்களும் நாலு. கோல் வித்தியாசம் சைபர், அவங்களுக்கும் சைபர். அடிச்சது நாலு, அவங்களும் நாலு. நமக்குள்ள ஆடுனது ஒண்ணுக்கு ஒண்ணு." பேனாவை மூடினார். "இப்ப என்ன அக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதி தெரிந்தவள் நான். அவர் கோல் கணக்கைச் சொல்லிக்கொண்டு வரும்போதே நான் அட்டைகளை எண்ணி முடித்திருந்தேன்.

"அடுத்தது கார்டு. யாருக்குக் கம்மியோ அவங்க மேல."

அணித்தலைவி முன்னே வந்தாள். "நமக்கு ரெண்டுதானே ஆன்ட்டி? எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு. அவங்களுக்கும் ரெண்டு. நான் பாத்துக்கிட்டுத்தான் வரேன்."

"நமக்கு மூணு."

"யாரு மூணாவது?"

பயிற்றுநர் குறுக்கிட்டார். "டீமுக்கு மூணு லா. யாருன்னு இப்ப என்ன?"

"எனக்குக் குடுத்ததுதான்" என்றேன்.

பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் புட்டியை மூடினாள். பிறகு அணித்தலைவி, பாவம் அவளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, "ஒரு நிமிஷம்கூட ஆடாம கார்டு வாங்குன ஆளு இந்த லீக்ல நீங்க மட்டும்தான் ஆன்ட்டி" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகள் கையுறையின் பட்டையைப் பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கூடாரத்தில் இருந்த செயலாளரிடம் போய், அதிகாரி வாங்கிய அட்டையும் சேர்த்தியா என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். அவர் பொறுமையாக விதித்தாளைத் திருப்பி, நான் ஏற்கெனவே படித்திருந்த வரியைக் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பயிற்றுநர் கார் வரைக்கும் கூடவே நடந்தார்.

"அக்கா, உங்க கார்டு இல்லன்னாலும் நாம ஜெயிச்சோம்னு இல்ல. சமம்னா குலுக்கல். அதுல அவங்க சீட்டு வந்திருந்தா?"

அவர் சொன்னது சரி. நான் மகளிடமிருந்து பறித்தது அரையிறுதியை அல்ல, அரையிறுதிக்கான பாதி வாய்ப்பை. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் இதை வேறு வேறு விதமாக எனக்கே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீலிடம் நல்ல வாதமாகச் செல்லும். என்னிடம் செல்லவில்லை. அதோடு, அவள் நடித்தாள் என்று தெரிந்த பிறகும் அந்த மடங்கிய கை கண்ணை விட்டுப் போகவில்லை. போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது வரும். எனக்கு அது நடந்ததுதான்.

வீட்டில் மகள் சாதாரணமாகவே இருந்தாள். பள்ளிக்குப் போனாள், டியூஷனைப் பழையபடி மாற்றிக்கொண்டு அரையிறுதி நடந்த சனிக்கிழமை அதற்கும் போனாள். நான் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் "அதான் முடிஞ்சிருச்சே மா" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், மாநிலப் பயிற்சிக்குத் தேர்வானவர்களின் பட்டியல் அவள் கைப்பேசிக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டுத் திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

"மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு நீங்க ஓடி வந்தத நான் பாத்தேன். கொஞ்சமா கண்ணத் தொறந்துதான் படுத்திருந்தேன். நீங்க பெஞ்சிலேர்ந்து எழுந்திருச்சப்பவே தெரியும்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"உடனே எழுந்திருந்தா நீங்க பாதியிலேயே நின்னிருப்பீங்க. ஆனா நான் நடிக்கிறேன்னு ரெஃப்ரிக்குத் தெரிஞ்சிரும், எனக்கு கார்டு குடுத்திருவாருன்னு படுத்தே இருந்துட்டேன். உங்களுக்குக் குடுத்தா பரவால்லன்னு நெனச்சேன். எப்படிப் பாத்தாலும் மூணுதான் மா."

இத்தனை நாளும் இதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு முதலில் ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நான் செருப்பில்லாம ஓடி வரேன், நீ பாத்துக்கிட்டு படுத்திருந்த."

"ஆமா."

"நீ செத்துட்டன்னு நெனச்சேன் டி."

"தெரியும். அதான் உடனே ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

மீன் துண்டை அவள் தட்டுக்கு நகர்த்தினேன், அவள் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டியலில் யார் யார் என்று கேட்டேன்.

"சுங்கை பாக்காப் கீப்பர எடுத்திருக்காங்க."

"நல்லா ஆடுவாளா?"

யோசித்தாள். பாரபட்சம் இல்லாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"நல்ல கீப்பர்தான். உயரம் இருக்கு. பந்து வலப்பக்கம் போனா மட்டும் கொஞ்சம் லேட்டு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."