பத்தியக்கா கட்டிய அடுப்பு

பத்தியக்காவுக்கு வேறு ஒரு பெயரும் உண்டு என்பது எங்கள் தெருவில் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் பத்தியச் சாப்பாடு முழுக்க அக்காவின் பொறுப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஒன்று, வயிற்றில் தையல் போட்டவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போகும். எதிலும் உப்பு இருக்காது. எண்ணெய் பேருக்குத்தான். காலையில் உள்ளே போனால் மாலைவரை அவிப்பது, மசிப்பது, வடிகட்டுவது. இத்தனைக்கும் அந்தச் சமையலறையில் நெருப்பே கிடையாது. கீழ்த்தளத்துக் கொதிகலனிலிருந்து குழாய் வழியாக ஆவி வரும். அக்கா குழாயின் வால்வைத் திருகி ஆவியைத் திறப்பார், மூடுவார். அவ்வளவுதான் சமையல்.

கூட வேலை பார்த்த ஒருத்தி ஓய்வு பெற்றபோது எல்லோரையும் ஒரு பீட்சா கடைக்குக் கூட்டிப் போனாள். விறகடுப்பு வைத்த கடை. மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையளந்துகொண்டிருக்க, அக்கா அடுப்புக்கு எதிரே போய் நின்றவர் நின்றவர்தான். உள்ளே தீ கூரையைத் தொட்டு வளைந்து ஓடியது. வெளுத்த மாவு உள்ளே போய், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓரமெல்லாம் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து வெளியே வந்தது. "அனல் அடிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த கடைக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அக்கா நகரவில்லை. அவருடைய பங்கு பீட்சா மேசையில் ஆறிப்போனது.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார் அக்கா.

"ஏங்க, நம்ம பின்பக்கத்துல ஒரு அடுப்பு கட்டப் போறேன்."

"ஏன், கேஸ் அடுப்புக்கு என்ன ஆச்சு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். இது பீட்சா அடுப்பு. விறகு போட்டு எரிக்கிறது."

மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். "வாரம் பூரா ஊருக்கே சமைக்கிற. கிடைக்கிறது ஒரு நாள் லீவு. அதுலயும் அடுப்பா?"

"அங்க நான் சமைக்கலங்க. அவிக்கிறேன்."

மெக்கானிக் டீயை மறுபடி கையில் எடுத்தார்.

செங்கல் தானாக வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் பழைய கொதிகலனைப் பிரித்துப் போட்டார்கள். அதன் உள்பக்கத்தில் பதித்திருந்த மஞ்சள் நிறத் தீச்செங்கற்கள், எவ்வளவு சூட்டையும் தாங்குகிற சாதி, சலவைக்கூடத்துக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தன. எடுத்துக்கொள்ளட்டுமா என்று அக்கா மேலாளரிடம் கேட்டார். "குப்பைய எடுக்கிறதுக்கெல்லாமா அனுமதி கேப்பாங்க?" என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து திரும்பும்போது ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. வாசலில் நிற்கும் காவலாளி, "ஆஸ்பத்திரிய கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குக் கடத்துறீங்க போல!" என்பார். "கட்டில் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே அக்கா வண்டியைக் கிளப்புவார்.

எதிர்ப்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருந்தவர் மெக்கானிக்கின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார். இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுதான். நடுவில் சுவர் கிடையாது, நாத்தனாரின் துணிக்கொடி மட்டும்தான்.

"அண்ணி, நீங்க அடுப்பு கட்டுங்க, அரண்மனை கட்டுங்க. ஆனா என் துணியில புகை நாத்தம் அடிச்சா நான் சும்மா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உன் பக்கம் புகை வராத மாதிரி புகைபோக்கி வைக்கிறேன்."

"காத்து உங்க பேச்சைக் கேக்குமா?"

அக்கா கொடியை அந்தக் கோடிக்கு மாற்றிக் கட்டிக் கொடுத்தார். நாத்தனாருக்கு அது போதவில்லை. ஆனாலும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்.

கட்டும் முறையை அக்கா மத்தியான இடைவேளைகளில் செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தார். சிமெண்ட் கற்களால் இடுப்பு உயரத்துக்குக் கால்கள் எழுப்பி, மேலே கான்கிரீட் பலகை போட்டார். சூடு கீழே இறங்காமல் இருக்கக் காலி கண்ணாடிப் பாட்டில்களை அடுக்கி அதன்மேல் களிமண் பூசினார். அதற்கும் மேலே மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தரைக்கல் பதித்தார். ஒரு கல் நகத்தளவு தூக்கிக்கொண்டு நின்றால்கூடப் பிடுங்கி மறுபடி வைத்தார். வேலை செய்கிறபோது அவர் வாய்க்குள் பாடுவது எங்கள் மாடிவரை கேட்கும்.

அடுத்தது கூரை, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. ஈரமணலை அந்த உருவத்தில் குவித்து, அதன்மேல் கல்லை அடுக்கி, கலவை இறுகிய பிறகு மணலைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். அக்கா அடுக்கி முடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு மூணு நாள் விடேன்" என்றார் மெக்கானிக்.

"தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு."

"கல்லு கல்லு மாதிரிதான் இருக்கும். கலவை எப்படி இருக்கு?"

அக்கா கேட்கவில்லை. முன்னால் விட்டிருந்த அடுப்பு வாய் வழியாகக் கையை விட்டு மணலை வாரி வாரி வெளியே போட்டார். பாதி வந்திருக்கும். லேசாகத் தும்மினாற்போல ஒரு சத்தம். பின்பக்கம் ஒரு கல் நழுவியது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு கூரை மொத்தமும் பொத்தென்று உள்ளே உட்கார்ந்தது. புழுதி அடங்கியபோது அக்கா கையில் பிடி மணலோடு நின்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "நல்லவேளை, உள்ள தலைய விடல" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் பூராவும் பின்கதவைத் திறக்கவில்லை. பாட்டும் இல்லை. ஒரு பழைய தார்ப்பாய் அந்த இடிபாட்டை மூடிக் கிடந்தது.

லீவு நாளன்று காலையில் பின்பக்கத்தில் டக் டக்கென்று சத்தம். அக்கா எட்டிப் பார்த்தார். மெக்கானிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒட்டியிருந்த கலவையைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிப்போவில் இரவல் வாங்கிய கல் அறுக்கும் மெஷின்.

"என்ன பண்றீங்க?"

"வண்டி நடுரோட்டுல நின்னா ஏன் நின்னுச்சுன்னு பாக்கணும். வண்டியே வேணாம்னு இறங்கிப் போயிடுவியா? இங்க பாரு, முழுக்கல்ல வச்சு வளைச்சிருக்க. மேல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. அந்த இடுக்கு பூரா கலவை. கலவை எப்படித் தாங்கும்? பாதியா வெட்டிட்டா நெருக்கமா உக்காரும்."

அக்கா பின்கதவைத் தாண்டி வெளியே வந்தார். இன்னொரு முக்காலியை எடுத்து வந்து எதிரே போட்டார்.

மணலுக்குப் பதில் என்ன என்ற கேள்விதான் பாக்கி. மணல் காயக் காய ஒரு பக்கமாகச் சரிந்ததும் முதல் தடவை விழுந்ததற்கு ஒரு காரணம். அதற்கு விடை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாத்தனாரிடமிருந்து வந்தது. துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனவர், ஒரு பெரிய நீலநிறப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தார். முதுகுவலிக்காக, மேலே உட்கார்ந்து ஆடுவதற்கென்று டாக்டர் வாங்கச் சொன்ன காற்றடைத்த பந்து.

"இது உள்ள போகுமா பாருங்க, அண்ணி. இதுமேல அடுக்கிட்டு, அப்புறம் காத்தைப் பிடுங்கிட்டா வெளிய வந்துடும்ல?"

"உன் முதுகு?"

"முதுகு எங்க போகப் போகுது?"

பந்தைத் தரைக்கல்மேல் வைத்து, உருளாமல் இருக்கச் சுற்றிலும் பலகை கொடுத்து நிறுத்தினார்கள். மெக்கானிக் வெட்ட, நாத்தனார் கலவை குழைக்க, அக்கா அடுக்கினார். வட்டம் மேலே போகப் போகச் சிறுத்தது. கடைசியில் உச்சியில் ஒரு கல்லுக்கு மட்டும் இடம். அக்கா அதைச் சீவிச் சீவிப் பொருத்தி, மரச்சுத்தியலால் செல்லமாகத் தட்டி இறக்கினார். அது இறுகப் பிடித்துக்கொண்ட சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

இந்தத் தடவை யார் அவசரப்படுத்தினாலும் அக்கா அசையவில்லை. ஈரச்சாக்கு போர்த்திக் காயவிட்டார். ஒருநாள் எங்களையெல்லாம் தூர நிற்கச் சொல்லிவிட்டு, அடுப்பின் வாய்க்குள் கையை விட்டுப் பந்தின் மூடியைப் பிடுங்கினார். புஸ்ஸென்று நீளமாக ஒரு பெருமூச்சு. நீலப்பந்து சுருங்கிச் சுருங்கித் துவண்டது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் விழவில்லை.

மெக்கானிக் ஸ்பானரால் கூரையைத் தட்டினார். கணீரென்றது. பிறகு இரண்டு கையையும் ஊன்றித் தன் முழு எடையையும் கொடுத்து அமுக்கினார். "பஸ்ஸையே ஏத்தலாம்" என்றார். அக்கா தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது மூக்கெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்து வந்த காலைகளில் வேலைக்குப் போகுமுன் சுள்ளி வைத்துச் சின்னதாகத் தீ போட்டார். கல்லுக்குள் இருந்த ஈரம் வியர்வை போலக் கசிந்து ஆவியாகப் போனது. மயிரிழை விரிசல்களைக் களிமண் குழைத்துப் பூசினார். கூரையின் உள்பக்கம் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. முதல் பெரிய தீ மூட்டிய அன்று, சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கல் வெளுத்துக்கொண்டே வந்தது; அடுப்பு பதத்துக்கு வந்ததற்கு அதுதான் அடையாளம். "ஏங்க, வெளுத்துடுச்சு! வெளுத்துடுச்சுங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

முதல் பீட்சா, அதை உள்ளே தள்ளுகிற நீளக் கைப்பிடிப் பலகையில் ஒட்டிக்கொண்டு, மடங்கி, மூட்டையாக உள்ளே போய்க் கட்டையாகக் கருகியது. இரண்டாவது சித்திரம் போல வந்தது. உப்பிய ஓரம், கொப்புளித்த சீஸ், அங்கங்கே கரும்புள்ளி. மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு கடித்தார்கள். மெக்கானிக், "நல்லாத்தான் இருக்கு" என்று வேறெங்கோ பார்த்தார்.

நாத்தனார் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்: "அண்ணி, இது எந்த வார்டுக்கு?"

மாவிலும் உப்பில்லை, தக்காளிச் சாற்றிலும் உப்பில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே உப்புச் சாடியைத் தாண்டிப் போயிருந்தது. அக்கா ஒரு கணம் திகைத்து, பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த லீவு நாளில் தெருவையும் சமையலறைக் கூட்டாளிகளையும் அழைத்தார். நானும் போயிருந்தேன். மாவில் உப்பு, சாற்றில் உப்பு, பூண்டு, மிளகு, மேலே தாராளமாக எண்ணெய். முதல் துண்டைக் கடித்தபோது ஓரம் நொறுங்கியது, நடு இழுபட்டது, நாக்கு சுட்டது. துப்ப மனம் வரவில்லை. கையில் தட்டோடு ஆட்கள் அடுப்பைச் சுற்றியே நின்றார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாவைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம், "உள்ள இருந்தது என் பந்துதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் மழை தூறியது. மெக்கானிக் வீட்டுக்குள் ஓடிப் பெரிய குடையை எடுத்து வந்து அடுப்பின் மேல் விரித்துப் பிடித்தார். பக்கத்திலேயே அக்கா தலை நனைய நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கில்லையா குடை?"

"நீ நனைஞ்சா காஞ்சிடுவ. சூட்டுல அது நனைஞ்சா வெடிச்சிடும்."

"பாத்துக்கங்க எல்லாரும்!" என்று அக்கா எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பீட்சாவை உள்ளே தள்ளினார்.