கர்னலின் கடைசிக் கட்டளை

கர்னலுக்கு இடது காது கேட்காது. தேநீர் கொண்டுபோனால் வலப்பக்கம் நின்றுதான் பேச வேண்டும். இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்த அந்த ஓய்வுபெற்ற ஜெர்மன் அதிகாரியிடம் நான் சமையல்காரியாகவும் பாதி மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் துரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முட்டையைக் கருக்கிவிட்டு, சட்டியை என் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிற மனிதரிடம் என்ன பயம் வரும்?

பள்ளி முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தவர். காது போனது ஆப்கானிஸ்தானில். அவர் தலைமையில் சென்ற வண்டிகளில் முதலாவது கண்ணிவெடியில் சிதறியது. சுற்றிலுமிருந்து சுட்டார்கள். படுக்கச் சொல்லிக் கத்தினாராம். படுத்தவர்கள் பிழைத்தார்கள். ஓடிய இருவர் இன்னொரு கண்ணிவெடியை மிதித்தார்கள்; அவர்களைத் துண்டு துண்டாக அவரே பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். மழை நாட்களில் நான் கேட்காமலேயே இதைச் சொல்வார். ஒரே ஒரு சொல்லால் மற்றவர்களைக் காப்பாற்றினேன் என்று முடிப்பார். அதில் பெருமை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சொல்லைத் தமிழில் கற்றுக்கொடுத்தது நான்தான், அவருடைய நாய்க்காக. வா, நில்லு, படு. அவருக்குத் தெரிந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு காலையில் கொழுந்து எடுப்பதைப் பார்க்க ஆசைப்பட்டார். என் அக்கா வேலை செய்த மலைக்கு அழைத்துப்போனேன். அன்றுதான் அக்கா அவரை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். கூடையை இறக்காமலேயே கும்பிட்டாள். சற்று நேரத்தில் மேல் வரிசையில் அலறல் கேட்டது. செடிக்குள் இருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. குளவி என்றால் கூடையை எறிந்துவிட்டு ஓடுவதுதான் எங்களுக்குத் தெரியும். எல்லோரும் ஓடத் தொடங்கினோம். கர்னல் "படு, படு" என்று முழங்கியபடி தானும் குப்புற விழுந்தார். அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

நான் நிற்கவில்லை. அக்கா படுத்துவிட்டாள். துரை சத்தம் போட்டால் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் உடம்பில் எத்தனையோ தலைமுறையாக ஊறியது. ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் முதுகே தெரியவில்லை, குளவிகள்தான் தெரிந்தன. காதுக்குள், வாய்க்குள், கண்ணிமையில். கர்னல் தவழ்ந்துபோய் அவள்மேல் விழுந்து தன் கோட்டால் மூடினார். தடித்த கோட்டு, அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா செத்துப்போனாள். வீங்கிய முகத்தைப் பார்த்து அவள் பிள்ளைகள் கிட்டே வர மறுத்தார்கள்.

சாவு வீட்டுக்குக் கர்னல் வந்தார். அக்காவின் புருஷன், என் அத்தான், எழுந்து அவர் முன்னால் போனார். "அவ ஓடியிருப்பா தொரை. புள்ளைங்களை நெனச்சாவது ஓடியிருப்பா. நீங்க சொன்னீங்கன்னுதான் படுத்தா" என்றார். வழக்கமாக இரண்டு பக்கத்துப் பேச்சையும் கொஞ்சம் ஆற்றித்தான் கொடுப்பேன். அன்று ஒரு சொல் குறைக்கவில்லை. கர்னல் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, மேலதிகாரி முன்னால் நிற்பதைப்போல அத்தான் முன்னால் விறைப்பாக நின்றார். எந்தத் தண்டனையானாலும் ஏற்பதாகச் சொன்னார். அதையும் அத்தானிடம் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அத்தான் உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிவந்து, தோள் துண்டால் துடைத்துப் போட்டார்.

"தொரை நின்னுக்கிட்டே இருக்காங்க, உக்காரச் சொல்லு" என்றார்.

கர்னல் ஊருக்குத் திரும்பிவிட்டார். பங்களா இப்போது சுற்றுலா விடுதி; நான்தான் சமைக்கிறேன். அவர்மேல் இருந்த கோபம் எப்போதோ அடங்கிவிட்டது. அத்தானோடுதான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.