காது மெஷின் கடைக்குப் போன ரேடியோ

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு வாரம் வேலை பழக அனுப்பும் பொறுப்பு பதினோரு வருடமாக அந்த டீச்சர் தலையில்தான். வேறு யாரும் கைநீட்டி வாங்கிக்கொள்வதாக இல்லை. அறுபத்திரண்டு பிள்ளைகள், அறுபத்திரண்டு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலில் தானே போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, முதலாளி எரிந்து விழுகிற ஆளா என்று பார்ப்பார். பிள்ளையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரை இந்த வருடம் 'ரேடியோ' பொய் சொல்ல வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தூங்கும்போது வாய் மூடும் என்பதே அவள் அம்மா சொல்லித்தான் தெரியும். நூலகத்தில் இரண்டு நாள், வக்கீல் ஆபீஸில் ஒன்றரை நாள். இரண்டு இடத்திலும் 'ஆளை விடுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடமும் போனால் சான்றிதழ் கிடையாது. அது இல்லாமல் அவள் ஆசைப்பட்ட நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது.

கடைசியில் டீச்சர் ஒரு காது மெஷின் கடைக்குப் போன் போட்டார்.

"இங்க காது டெஸ்ட் நடக்கும் டீச்சர், சத்தமே கூடாது. பொண்ணு எப்படி?" என்றார் கடைக்காரர்.

"ரொம்ப அமைதியான பொண்ணு சார்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. நேரில் போய்ப் பார்க்கவும் நேரமில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். "டீச்சர், கொஞ்சம் உடனே வர முடியுமா?"

டீச்சர் உடனே கிளம்பினார். பஸ்ஸில் போகும்போதே மன்னிப்பை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாலும் சரியாக வரவில்லை.

கடை வாசலில் நுழைந்ததுமே ரேடியோவின் குரல்தான். காதில் புது மெஷினோடு ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பூனை லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை ஓடிக்கொண்டிருந்தது. "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றார் டிரைவர்.

"அமைதியான பொண்ணுன்னு சொன்னீங்களே?" கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க சார். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"மொத நாளே டெஸ்ட் ரூம்ல இருந்து வெளிய அனுப்பிட்டேன். வெளிய உக்காந்து வர்றவங்ககிட்ட பேச ஆரம்பிச்சா. மெஷின மாட்டினா மட்டும் போதாது டீச்சர், காது பழகணும். நான் 'கேக்குதா, கேக்குதா'ன்னு ரெண்டு தடவ கேட்டா எனக்கே அலுத்துடும். பாதிப் பேரு வீட்டுக்குப் போய் மெஷின அலமாரில போட்டுடுவாங்க. இவ கதை கேக்க இவரு மூணு நாளா வர்றாரு. சனிக்கிழமையும் இவ வரலாமா? நீங்க கையெழுத்துப் போடணுமாம், அதான் கூப்பிட்டேன்."

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். நெஞ்சில் பாலை வார்த்தது போலிருந்தது. கையெழுத்தைக் கோணலாகப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து ரேடியோவின் அம்மாவைப் போனில் கூப்பிட்டார். அந்த அம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவர்.

போனை எடுத்ததுமே, "நானே வந்து கூட்டிட்டுப் போறேன் டீச்சர்," என்றார்.

"வேண்டாம்மா. அவள அனுப்ப மாட்டேங்கிறாங்க. சனிக்கிழமையும் வரச் சொல்றாங்க. அவ பேசுறது அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்."

அந்தப் பக்கம் சலவை மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா சொன்னார்:

"டீச்சர், இன்னொரு தடவ சொல்லுங்க."