பூங்கா மைக்கில் என் கோல்

அவனுடைய குரல் எனக்கு வாய்த்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று இருபத்து நான்கு வயதில் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் போடியில் ரேடியோ இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் பூங்கா ரேடியோதான். பூங்காவின் மூலையில் ஒரு சின்ன அறை, அதற்கு மேல் கம்பத்தில் நாலு பக்கமும் பார்த்த மாதிரி நாலு ஸ்பீக்கர். அந்த அறையில் வேலை பார்த்தவன் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

காலையில் டெல்லிச் செய்திக்கு முன்னால் கொஞ்ச நேரம் அவன் மைக்கில் பேசுவான். இன்றைக்கு எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது, யார் வீட்டுக் கன்றுக்குட்டி காணாமல் போனது என்று அறிவிப்பதுதான் அவனுக்கு இட்ட வேலை. ஆனால் அவன் கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது எந்த வழியாகப் போனது, போகும்போது என்ன நினைத்துக்கொண்டு போனது என்பது வரை வந்துவிடும். டீக்கடையில் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் அப்படியே நிற்பார்கள். இந்தப் பேச்சுக்கு எதிரே உட்கார்ந்து ‘அப்படியா’, ‘அப்புறம்?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். ஏலக்காய் மண்டியில் எடை போடும் என் சோலி எட்டு மணிக்கு மேல்தான் என்பதால் அந்த ஆள் நானானேன். ஊரே சிரிக்கும் பேச்சில் நான் பேசியதெல்லாம் இந்த இரண்டு வார்த்தைதான்.

எனக்குப் பொறாமை இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் அவனை விடப் பெரியவன் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அது பந்து. ஊர் அணியில் இரண்டு பேரும் முன்வரிசையில் ஆடினோம். அவன் ஓடுவான், கத்துவான். பந்து என் காலுக்குத்தான் கட்டுப்படும்.

அந்த வருடக் கோப்பையின் கடைசி ஆட்டம் மலை மேலே ஓர் எஸ்டேட்டில் நடந்தது. எதிரணி அந்த எஸ்டேட்டுக்காரர்கள். வெறும் சாக்கு ஏற்றிப் போன லாரியில் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டு போனோம். மலைச் சரிவை வெட்டிச் சமமாக்கிய மைதானம் அது. ஒரு பக்கத்து கோல் கம்பங்களுக்குப் பின்னால் நாலடி தள்ளிப் பள்ளம், பள்ளம் முழுக்க ஏலச்செடி. வலையெல்லாம் அங்கே கிடையாது. அதனால் மலை மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. பந்து பள்ளத்தில் போனால் உதைத்தவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். அவன் மேலே வரும் வரை மற்றவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். ஏழெட்டு வருடம் மலையில் ஆடியதில் அந்த வழக்கம் எங்கள் காலிலேயே ஊறிவிட்டது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பனி இறங்கியது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பத்தடிக்கு அப்பால் இருப்பவன் நம் ஆளா எஸ்டேட் ஆளா என்று தெரியாத பனி. யாரோ தூக்கி அடித்த பந்து கோலுக்கு முன்னால் என் வலப்பக்கம் விழுந்தது. என் சிநேகிதனும் நானும் ஒரே சமயத்தில் பாய்ந்தோம். பந்து என் வலது காலில் நறுக்கென்று பட்டதை உணர்ந்தேன். அதே நொடியில் இடது கணுக்காலில் சம்மட்டியால் அடித்த மாதிரி ஓர் அடி விழுந்தது. பனிக்குள்ளிருந்து எஸ்டேட் கோல்கீப்பர், “ஈஸ்வரா, போயல்லோ” என்று மலையாளத்தில் ‘போச்சே’ போட்டான். விசில் ஒலித்தது.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பந்து பள்ளத்தில் போனது, உதைத்தவன் நான், ஆகவே நொண்டிக்கொண்டே இறங்கினேன். கோல் அடித்தவன் நின்று கையைத் தூக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏலச்செடித் தூர்களுக்கு நடுவே கைகளால் துழாவினேன். அட்டைகள் ஏறின. மேலே கூச்சல் கேட்டது. எனக்காகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்து, மேலே ஏறும்போதே தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அடக்கமாகச் சிரிக்கிற மாதிரி முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

ஏறி வந்து பார்த்தால் அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நான் பந்து தேடிய நேரத்தில் மிச்ச ஐந்து நிமிடமும் ஓடி ஆட்டம் முடிந்திருந்தது. ஒருவர் என் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டு, “நல்லவேளை, பந்து கெடச்சிருச்சு” என்றார்.

லாரியில் இறங்கி வரும்போது அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். வீட்டில் என் மனைவி கணுக்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள். சிலமலையிலிருந்து வந்தவள், கல்யாணமாகி மூன்று மாதம். நான் சொல்வதை அவள் நம்புகிறாளா என்பது எனக்கு அப்போது மிகப் பெரிய விஷயம். “கோல் போட்டது நான்தான்” என்றேன். “அப்படியா” என்றாள். அந்த ‘அப்படியா’வை நான் தினமும் மைக்கில் சொல்கிறவன். அதற்குள் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போகாவிட்டால் அவன் என்ன சொல்கிறான் என்று தெரியாதே. போனேன். பூங்காச் சுவரை ஒட்டிய தெருக்குழாயில் என் மனைவி குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். அறைக்கு வெளியே என்றைக்கும் இல்லாத கூட்டம்.

அவன் மைக்கைப் போட்டான். “எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குத் தண்ணி எல்லாத் தெருவுக்கும் வரும். கப்பு போடிக்கு வந்துருச்சு, தண்ணி வராமப் போயிருமா?”

வெளியே சிரிப்பு. அவன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். நான் கேட்க வேண்டிய முறை.

“கோல் எப்படி விழுந்துச்சு?” என்று கேட்டேன். என் கோலைப் பற்றி நானே அவனிடம் கேட்டேன்.

“அதை ஏன் கேக்குற, மாப்ளே. பனியில எனக்கு என் மூக்கே தெரியல. கால வீசுனேன், என்னமோ பட்டுச்சு. அந்தக் கீப்பர் ஈஸ்வரனைக் கூப்புடவும்தான் கோலுன்னு எனக்கே தெரியும்.”

“அப்படியா” என்றேன்.

“நம்ம மாப்ளையச் சும்மா சொல்லக் கூடாது. நாங்க கப்ப வாங்கிக்கிட்டு இருக்கோம், இவரு அட்டைக்கடியில பந்து பொறுக்கிக்கிட்டு இருக்காரு. அப்பேர்ப்பட்ட பொறுப்பு.”

வெளியே ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பது அறைக்குள் கேட்டது. பந்து பொறுக்கி. சன்னல் வழியே பார்த்தேன். குழாயடியில் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

செய்திக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. “டீ வாங்கிட்டு வெரசா வர்றேன்” என்று அவன் எழுந்து, மேசைக்குப் பின்னால் குனிந்து என்னமோ செய்துவிட்டுப் போனான். நான் கதவைச் சாத்தினேன். மைக்கின் கழுத்தில் இருக்கும் பொத்தானை அவன் தள்ளுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தள்ளினேன். பேசினேன்.

அப்படி நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. பந்து விழுந்த இடம், என் வலது கால், பள்ளம், அட்டை எல்லாம் சொன்னேன். நேற்றோடு நிற்கவும் இல்லை. பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு வர வேண்டிய ராஜா வேஷத்தை வாத்தியார் அவன் குரலுக்காக அவனுக்குக் கொடுத்ததைச் சொன்னேன். ‘அப்படியா’ சொல்லிச் சொல்லி என் வாய் மரத்துப்போனதைச் சொன்னேன். “உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குடா, ஆனா இந்தக் கோலு என்னோடது” என்று முடித்தேன். வெளியே என் குரல் ஒலிக்கிறதா என்று கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

நிமிர்ந்தால் வாசலில் அவன். இரண்டு கையிலும் டீ. எவ்வளவு நேரமாக நின்றானோ.

“ஆம்ப்ளிஃபயர் பெட்டி சூடாயிரும்னு நான் அணைச்சுட்டுத்தானே போறது, மாப்ளே” என்றான் மெதுவாக. “வெளிய ஒண்ணும் கேக்கல.”

எனக்கு அந்த மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல் இருந்தது. அவன் டீயை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தான்.

“கணுக்காலு எப்படி வீங்குச்சு?”

“எவனோ எஸ்டேட்காரன் உதைச்சான்.”

“அந்தப் பக்கம் எஸ்டேட்காரன் யாரும் இல்ல. நம்ம ரெண்டு பேருதான் பாஞ்சோம்.” அவன் தன் வலது காலின் பெருவிரலைக் காட்டினான். அதுவும் வீங்கித்தான் இருந்தது. “பந்துல பட்டா இப்படியா வீங்கும்?”

நான் வாயைத் திறக்குமுன் அவன் குனிந்து பெட்டியைப் போட்டுவிட்டான். அது சூடாகும் வரை ஒரு வாய் டீ குடித்தான்.

“மகாஜனங்களே, ஒரு திருத்தம். ஒரு கன்னுக்குட்டியத் தப்பான வீட்டுல கட்டிப்புட்டேன். அந்தக் கோலு நான் போட்டதில்ல. நான் உதைச்சது பந்தை இல்ல, மாப்ள கணுக்கால. பந்தை உதைச்சது மாப்ள. சந்தேகம் இருந்தா மலையில ஆடுனவுகளக் கேளுங்க. பள்ளத்துல எறங்குறது யாரு? உதைச்சவன்தானே? நான் எறங்குனனா? தோள்ல ஏறுனேன். எறங்குனது அவரு.”

பூங்கா முழுதும் சிரிப்பு வெடித்தது. அவன் நிறுத்தவில்லை. கோல் போட்டுவிட்டுத் தானே பந்தைத் தேடிப் போன ஒரே மனிதன் உலகத்தில் நான்தான் என்றான். அட்டைகளுக்குக்கூட யார் கோல் போட்டது என்று தெரிந்து ஆள் பார்த்து ஏறியிருக்கின்றன, நமக்குத்தான் தெரியவில்லை என்றான். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். வெளியே வந்தபோது டீக்கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்தது. ஆனால் நான் மூச்சு முட்டச் சொன்னதில் பாதிகூட அவன் சொல்லவில்லை, அதற்கே ஊர் இப்படித் தட்டுகிறதே என்றுதான் மண்டிக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். மனைவி இலையைப் போட்டுவிட்டு என் காலைப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“கோல நீங்கதான் போட்டீகளாம்ல.”

“நேத்தே சொன்னேனே.”

“சொன்னீக.” சோற்றைப் போட்டாள். “நீங்க சொல்றப்ப சும்மா சொல்றீகன்னு நெனச்சேன். அந்த அண்ணன் சொல்லவும்தான் நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு. பள்ளத்துல நீங்க எறங்குறதெல்லாம் அப்படியே தெரிஞ்சுச்சு.”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“நாளைக்கும் சொல்லுவாகளா?” என்று கேட்டாள். “எங்க ஆத்தா நாளைக்கு வருது. அதுவும் கேக்கட்டும்.”

“சொல்லச் சொல்றேன்” என்றேன்.