இனிமேல் பந்தை யாருக்குக் கொடுப்பது?

கல்லூரிக் கால்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருப்பது, பந்தை ஒருமுறைகூடத் தொடாமல் தோற்றுக்கொண்டே இருக்கிற தொழில்.

தெரியாத வேலை தலையில் வந்து விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு ஆண்டு விழா நாடகம் போட்டவர்களும், பாடவே வராமல் இறைவணக்கத்துக்குப் பெண்களைத் தயார்செய்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். என் நிலைமை உங்களுக்குப் புரியும். அறுபதுகளில் திருப்பூருக்கு வெளியே, அவிநாசி சாலையில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் நான் ஆங்கில விரிவுரையாளர். ஒரே ஒரு வருடம் கால்பந்துக் குழு என் பொறுப்பில் இருந்தது.

நியமனம்

உடற்கல்வி ஆசிரியருக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது. ஆடி மாதத்தில் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. முதல்வர் என்னை அழைத்து, உட்காரச் சொல்லி, காபியும் வரவழைத்தார். காபி வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

"எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே சார்" என்றேன். ஆண் விரிவுரையாளர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நான் எதற்கு என்றும் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "ஆட்டத்தோட விதி பூராவும் இங்கிலீஷ்ல இருக்குதுங்கம்மா. நீங்கதான் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்டு."

இரண்டு பேர்

நான் மைதானத்துக்குப் போன முதல் மாதத்தில் கற்றுக்கொண்டது இதுதான்: எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். பந்து யார் காலுக்கு வந்தாலும் இடப்பக்கம் ஓங்கி உதைப்பார்கள். அங்கே காசிம் ஓடிக்கொண்டிருப்பான். ஊரில் நூல் வியாபாரம் செய்யும் வீட்டுப் பையன். அவன் ஓடினால் சட்டை மட்டும்தான் பின்னால் வரும். கோட்டோரம்வரை ஓடிப்போய்ப் பந்தைக் கோலுக்கு முன்னால் உயரத் தூக்கிப் போடுவான். அங்கே பழனிசாமி நிற்பான். பெருமாநல்லூர்க்காரன், சென்டர் ஃபார்வர்டு. நிதானமாக எழும்பி, நெற்றியால் பந்தை உள்ளே தள்ளிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவான். மற்ற ஒன்பது பேருக்கும் பந்தை அங்கே அனுப்புவது மட்டுமே வேலை.

ஆவணியில் கோயம்புத்தூர் மில் ஒன்று இருவரையும் தன் குழுவுக்கு எடுத்துக்கொண்டது. அப்போதெல்லாம் நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் நிரந்தர வேலை கிடைக்கும், குடியிருக்க லைன் வீடும் கிடைக்கும். படித்து முடித்தாலும் கிடைக்காத வேலை அது. இருவரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். பழனிசாமி வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "பாதியில போறது தப்புங்களா மேடம்?" என்று கேட்டான். அவன் அம்மா அடுத்தவர் காட்டில் களையெடுக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். "போய்ட்டு வா கண்ணு" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர்கள் போனபிறகு, கூட வந்திருந்த கேப்டன் வேலுச்சாமி மட்டும் நின்றான். நடு மைதானத்தில், சென்டர் ஹாஃபாக ஆடுகிறவன், கடைசி வருட மாணவன். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இனிமேல் பந்தை யாருக்குங்க மேடம் குடுக்கறது?"

உயரம்

நாங்கள் செய்த முதல் தவறு, எந்த வீட்டிலும் எந்த அலுவலகத்திலும் செய்கிற தவறுதான். போனவனைப் போலவே இருக்கிற ஒருவனைத் தேடினோம். பி.காம். வகுப்பில் நாச்சிமுத்து என்று ஒரு பையன் இருந்தான். வகுப்பறை வாசலில் குனிந்துதான் நுழைவான். பழனிசாமியின் சட்டை அவனுக்குச் சரியாக இருந்தது. எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

பந்து உயர வந்தபோது நாச்சிமுத்து கண்களை இறுக மூடிக்கொண்டான். பந்து அவன் உச்சந்தலையில் விழுந்து, எழும்பி, அவன் முதுகுக்குப் பின்னால் போனது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "கண்ணைத் தொறடா, சாமி கும்புடவா வந்த?" என்று கத்தினார்கள். இடப்பக்கம் புதிதாக வந்தவனுக்குக் காசிமின் ஓட்டம் இல்லை, அங்கே அதைவிட மோசம். பழக்கதோஷத்தில் ஆள் இல்லாத இடத்துக்கே பந்தை உதைத்தார்கள். அது யாருமற்ற கோட்டைத் தாண்டி உருண்டு போய் வேலியில் நிற்கும். எல்லோரும் அது போவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "காசிம் இருந்தா எட்டிப் புடிச்சிருப்பான்" என்று ஒருவன் தினமும் சொல்வான். ஒருவர் இல்லாத வீட்டில் தட்டு வைத்துவிட்டு எடுப்பதைப் போல இருக்கும் எனக்கு.

ஒரு வாரம் கழித்து நாச்சிமுத்து அந்தச் சட்டையைத் துவைத்து மடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். "எனக்கு உசரம் மட்டுந்தானுங்க மேடம் இருக்குது."

சட்டையைத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று அன்று எனக்கே தெரியாது.

வெள்ளைத் துணி

எங்கள் மைதானத்துக்கு இரண்டு உடைமைக்காரர்கள். பக்கத்துச் சலவைப்பட்டறையில் வெளுத்த பனியன் துணியை எங்கள் புல்லில்தான் காயப்போடுவார்கள். நீள நீளமாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. பிற்பகலில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனபிறகுதான் பையன்கள் இறங்குவார்கள். மைதானம் முழுநாளும் தனக்கே வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். முதல்வருக்கும் விருப்பம்தான். "மண்டலப் போட்டியில இந்த வருசம் மொத ஆட்டத்துலயே தோத்துட்டா, டீமைக் கலைச்சிட்டு எடத்தைக் குடுத்தரலாமுங்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டார். நான் வேலுச்சாமியிடம் சொன்னேன். அவன், "நான் கேப்டனா இருந்த வருசத்துல டீமே போச்சுன்னு ஆயிருமுங்களே" என்றான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயில் வந்து வந்து போனதால் துணி காயவில்லை. பையன்கள் வந்து நிற்கும் நேரத்திலும் மைதானம் முழுக்க வெள்ளைப் பட்டைகள். நடுநடுவே ஆள் நடக்கிற சந்துகள் மட்டும். போட்டிக்கோ அதிக நாள் இல்லை. அந்தச் சந்துகளிலேயே ஆடினார்கள். முதல் நாளே ஒருவன் பழைய ஞாபகத்தில் ஓங்கி உதைத்து, சேற்றுப்பந்து துணியின் நடுவில் போய் விழுந்தது. பட்டறை மேஸ்திரி அங்கமுத்து வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. துணியைத் தூக்கி, அந்த வட்டக் கறையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். "இந்தப் பனியனப் போடறவன் சாகறவரைக்கும் உங்க பந்தச் சுமக்கோணுமுங்க சாமி. தரையில உருட்டி வெளையாடுங்க."

விருந்தோம்பல்

அதன்பிறகு பந்து மேலே எழும்பவில்லை. சந்து குறுகலானதால் தூரமாகவும் அனுப்ப முடியவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அடுத்த சந்துக்கு ஓடித் திரும்ப வாங்க வேண்டும். நாச்சிமுத்துவுக்கும் ஒரு வேலை வந்தது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த நீண்ட காலால் பந்தைத் தடுத்து நிறுத்துவான். ஓடிவருகிறவனுக்குப் பாதத்தால் மெல்லத் தள்ளிவிடுவான். தலைக்கு வேலை இல்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

குடைக்கடியில் நின்று நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். முன்பெல்லாம் ஓர் உதை, பிறகு நீண்ட மௌனம், பிறகு ஒரு கூச்சல். இப்போது ஈரத் தரையில் சின்னச் சின்ன ஓசைகள், ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதைப் போல. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோல் மட்டும் விழவில்லை. கோலுக்கு முன்னால் போனதும் ஒவ்வொருவனும் மற்றவனுக்கே கொடுத்தான். ஒருநாள் தமிழ்த்துறைப் பேராசிரியர் வீட்டுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இதென்னங்கம்மா, சம்பந்தி ஊட்டுப் பந்தியாட்டம் இருக்குது. 'நீங்க மொதல்ல, நீங்க மொதல்ல'ன்னா, சாப்பிடறது யாரு?"

வானம் பார்த்தல்

சாப்பிட வேண்டியவன் கதிர்வேல். காசிமுக்குப் பக்கத்தில் உள்பக்கமாக, லெஃப்ட் இன்னில் ஆடிவந்தவன், சாமளாபுரத்துத் தறிக்காரர் மகன். காலில் நல்ல குறி இருந்தது. தனியாக இருந்தால் ஒற்றைச் செங்கல்லைக்கூட அடித்துச் சாய்ப்பான். ஆட்டத்தில் மட்டும் அடிக்கமாட்டான். ஏன் என்று கேட்டேன். வெகுநேரம் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, "பழனிசாமி இருந்தப்ப தப்பானா அவனைத்தானுங்க பாப்பாங்க. இப்ப நான் அடிச்சுத் தப்பானா எல்லாரும் என்னையப் பாப்பாங்களே மேடம்" என்றான். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இதற்கு விதி இல்லை.

வேலுச்சாமிதான் வழி கண்டான். கதிர்வேல் இல்லாதபோது மற்றவர்களைக் கூட்டி வைத்து, "அவன் அடிச்சு வெளிய போனா ஒருத்தனும் அவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. மேல பாருங்க" என்றான். மறுநாள், பந்தை வேறு யாருக்கும் கொடுக்க வழியில்லாமல் கதிர்வேல் அடித்தான். பந்து கோல் கம்பத்தைத் தாண்டிப் பட்டறையின் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. பத்துப் பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். நானும் குடையை விலக்கிப் பார்த்தேன். கதிர்வேலுக்குப் புரிந்துவிட்டது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிறகு சிரித்தான். அன்று மாலை அடித்துக்கொண்டே இருந்தான். தொட்டியடியில் நின்றிருந்த அங்கமுத்து மட்டும் ஒன்றும் புரியாமல், துணியை அவசரமாகச் சுருட்டத் தொடங்கினார். "மழை வருதுங்களா அம்மிணி? எனக்கு ஒண்ணுந் தெரியலீங்களே."

முதல் ஆட்டம்

ஆட்டம் கோயம்புத்தூரில், பெரிய கல்லூரியின் மைதானத்தில் நடந்தது. வெட்டிவிட்ட புல். எங்கும் துணி இல்லை, சந்து இல்லை. எங்கள் பையன்கள் அவ்வளவு பெரிய பச்சையைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். ஓங்கி ஓங்கி உதைத்தார்கள். இடப்பக்கக் கோட்டைப் பந்து தன்னந்தனியே தாண்டிப் போவதை மறுபடியும் பார்த்தேன். பாதி ஆட்டத்துக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம்.

இடைவேளையில் பழனிசாமியும் காசிமும் வந்தார்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பழனிசாமி தன் பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து ஒவ்வொருவனுக்கும் உரித்துக் கொடுத்தான். வேலுச்சாமி சுளையை மென்றபடி எல்லோரையும் பக்கத்தில் உட்காரவைத்தான். "ஒருத்தன் கிட்ட ஒருத்தன் நில்லுங்கடா. பந்து மேல போகக் கூடாது. ஊர்ல ஆடறாப்பல ஆடுங்க, போதும்" என்றான்.

மறுபாதியில் அந்தச் சின்ன ஓசைகள் கேட்கத் தொடங்கின. எதிராளிகள் பந்தைத் தேடி வரும்போதெல்லாம் அது பக்கத்து ஆளிடம் போயிருந்தது. நாச்சிமுத்து முதுகைக் காட்டி நின்று தள்ளிவிட்ட பந்தை வலப்பக்கத்துப் பையன் ஒருவன் உள்ளே அனுப்பினான். ஆட்டம் சமமானது. முடிகிற நேரத்தில் நாச்சிமுத்து இன்னொன்றை மெல்ல உருட்டிவிட்டான். கதிர்வேல் ஓடிவந்தான். பக்கத்தில் கொடுக்க ஆள் இருந்தது. கொடுக்கவில்லை. பந்து தரையோடு தரையாகக் கம்பங்களுக்கு நடுவே போய் வலையில் படுத்துக்கொண்டது. வேலுச்சாமி எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவனைத் தூக்கினான். விசில் ஊதியபோது கேப்டன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், வெகுநேரம். அடுத்த ஆட்டத்தில் நன்றாகவே தோற்றோம். அதனால் ஒன்றும் இல்லை. குழு இருந்தது, மைதானமும் இருந்தது.

அந்த முதல் ஆட்டம் முடிந்து பையன்கள் கதிர்வேலைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது பழைய இருவரும் என் பக்கத்தில் நின்றார்கள். காசிம் கைதட்டிச் சிரித்தான். "நாங்க எப்பப் போவோம்னு காத்திட்டு இருந்திருக்கறானுங்க மேடம்" என்றான். பழனிசாமியும் கைதட்டினான். அவன் கண்கள் கோலுக்கு முன்னால் தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் இருந்தன. அங்கே யாரும் நிற்கவில்லை. எல்லோரும் அதன் வழியாக ஓடிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுத் தோல்களைத் தாளில் பொதிந்து பைக்குள் வைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்: "இப்ப நான் திரும்பி வந்தா, இதுல எங்கீங்க மேடம் நிக்கறது?"

மறுவருடம் முறையான உடற்கல்வி ஆசிரியர் வந்ததும் நான் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டேன். மைதானத்தில் என்னை ஒருவரும் தேடவில்லை, அதையே நல்ல பொறுப்பாசிரியருக்குக் கிடைத்த சான்றிதழ் என்று இன்றுவரை என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.