எண்பது பவுண்டு, எண்பது பவுன்

எங்கள் படுக்கையறைக் கூரைமேல் எவ்வளவு மண் ஏற்றலாம் என்று முடிவு செய்தவன் நான். அந்தக் கூரைக்குக் கீழே தூங்கியவனும் நான்தான். இவ்வளவு சுத்தமான நியாயம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஆனால் பக்கத்தில் என் மனைவியும் தூங்கினாள். எங்களுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், வீட்டுக்காரரும் தூங்கினார். அவர்கள் இருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஜோகுபாளையத்தில் மாடி வீடு. வீட்டுக்காரருக்கு எழுபதுக்கு மேல். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் அமெரிக்காவில். நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். அவர் எல்லாரையும் 'மேன்' என்பார், என் மனைவியைக்கூட. போன கோடையில் அங்கிளுக்கு மொட்டை மாடியில் தக்காளி வளர்க்கும் ஆசை வந்தது. தொட்டியில் வளர்த்தால் போதாது, வயல் மாதிரி வேண்டும் என்றார். பன்னிரண்டு அடிக்குப் பத்தடி, சுற்றிலும் ஓரடி உயரச் செங்கல் வரப்பு. உள்ளே மண். மகன் அங்கிருந்தே படித்துப் பார்த்து, லைட்வெயிட் மண் என்று ஒரு கலவையைக் கண்டுபிடித்து, அதன் விவரத்தாளையும் அனுப்பியிருந்தான்.

அன்று காலை நான் ஆபீசுக்குக் கிளம்பி ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேன். அங்கிள் கீழே முற்றத்தில் நின்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"மேன், இந்த மண்ணு நனைஞ்சா க்யூபிக் அடிக்கு எண்பது பவுன்டாம். நம்ம கணக்குல எவ்ளோ மேன்? நீதானே டென்சிட்டி பாக்குறவன்?"

அது உண்மை. நகைக்கடன் ஆபீஸ் ஒன்றில் நான் மதிப்பீட்டாளன். வளையலைக் காற்றில் ஒரு முறை நிறுப்பேன், தண்ணீரில் தொங்கவிட்டு இன்னொரு முறை நிறுப்பேன். இரண்டையும் வைத்து அடர்த்தி போட்டால் தங்கமா, தங்கம் பூசிய பித்தளையா என்று தெரிந்துவிடும். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை பவுனை எட்டால் பெருக்கிக் கிராமாக்குகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெருக்குவேன். அதனால் 'எண்பது பவுன்ட்' என்ற சத்தம் படியேறி என் காதுக்கு வருவதற்குள் கடைசி எழுத்தைத் தொலைத்துவிட்டு, எண்பது பவுனாக வந்து சேர்ந்தது.

"அறுநூத்தி நாப்பது கிராம் அங்கிள்!"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். உங்க வயல் மொத்தம் நூத்தி இருபது கன அடி. எல்லாம் சேர்த்து எழுபத்தேழு கிலோ. நான் எண்பத்திரெண்டு. நான் மாடில ஏறி நின்னா அதைவிட வெயிட்டு!"

அங்கிள் சிரித்தார். நானும் சிரித்தேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மண் வந்த நாளிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு ஆள்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றி வெளிப்படிக்கட்டு வழியாக ஏறினார்கள். ஐந்தாவது மூட்டைக்கே ஒருவர் எங்கள் வாசலில் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். மூச்சு விசில் அடித்தது. நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, "லைட்வெயிட் மண்ணுக்கே இப்படியா?" என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில், தண்ணீரோடு சேர்த்து என்னையும் கீழே கொட்டிவிடுவார் போலிருந்தது.

மழைக்காலம் தொடங்கியது. முதல் மழைக்கு மறுநாள் படுக்கையறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றேன். இரண்டாவது மழைக்குப் பிறகு படுக்கை விரிப்பில் வெள்ளைப் பொடி. பெயிண்ட் உரிகிறது என்றேன். மூன்றாவது மழைக்குப் பிறகு மனைவி மல்லாந்து படுத்தபடியே கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கோடு நேத்து இருந்துதா?"

மின்விசிறிக் கொக்கியிலிருந்து சுவரை நோக்கி ஒரு விரிசல், முடி அளவுக்கு. "ஒட்டடை" என்றேன். அவள் கட்டில்மேல் நாற்காலி போட்டு ஏறி, விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டாள். தேதியும் எழுதினாள். நான்கு நாள் கழித்து விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. இன்னொரு கோடு போட்டாள். மேலே தக்காளிச் செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. அங்கிள் தினமும் காலையும் மாலையும் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டார். அந்தச் சத்தம் எங்கள் தலைக்கு மேல் யாரோ நிதானமாக நடப்பதுபோலக் கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வரும் வழியில் பேக்கரியில் நின்றேன். கடைக்காரர் கேட்டார்: "ப்ரெட்டு ஒன் பவுண்டா, ஹாஃப் பவுண்டா சார்?"

"ஒரு பவுண்டு" என்று சொல்லி வாங்கினேன். கையில் ரொட்டி கனத்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பவுண்டு ரொட்டி. எட்டு கிராம் என்றால் இது ரொட்டி இல்லை, மோதிரம். பவுண்டு. பவுன். எண்பது பவுண்டு.

ரொட்டி சுற்றிய தாளிலேயே கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு நானூற்று ஐம்பத்து நான்கு கிராம். எண்பது பவுண்டு முப்பத்தாறு கிலோவுக்கு மேல். ஒவ்வொரு கன அடியும் அவ்வளவு. என் பாஷையில் சொன்னால் அடர்த்தி ஒன்று புள்ளி இரண்டெட்டு, தண்ணீரைவிடக் கனம். நான் அங்கிளுக்குக் கொடுத்த கணக்கின் அடர்த்தி என்ன என்று அதையும் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்டத் தெர்மோகோல். டிவி பெட்டிக்குள் வருமே, அது. போலி வளையலை ஒரு பார்வையில் பிடிக்கிற நிபுணன், ஒரு கிழவரைத் தெர்மோகோலில் தக்காளி வளர்க்கச் சொல்லியிருக்கிறேன். மொத்த வயலும் நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது கிலோ. கடைவாசல் தகரத்தில் தூறல் விழுந்தது.

மனைவிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேகத்தில் ஓடினேன், அதாவது தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்காத வேகத்தில். படியேறி உள்ளே போனால் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், சரியாக விரிசலுக்குக் கீழே.

"எந்திரி."

"இந்த ஒரு சட்டை..."

"எந்திரி!" அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். சத்தம் போட்டால் கூரை பயந்துவிடும் என்று அப்போது எனக்கு ஒரு விஞ்ஞான நம்பிக்கை இருந்தது. அவள் கையைப் பிடித்துப் பூனை நடையில் ஹாலுக்கு இழுத்து வந்தேன். மெத்தையையும் இழுத்து வந்தேன். "வாஸ்து" என்றேன்.

அவள் என் கையிலிருந்த ரொட்டித் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எட்டால பெருக்கிட்டீங்களா?"

"ம்."

"மண்ண?"

"ம்."

"எங்கம்மா போட்ட நகையக்கூட இவ்ளோ அக்கறையா பெருக்கல நீங்க." சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "கீழ அங்கிள் இருக்காரு. வாங்க, சொல்லலாம்."

அங்கிளிடம் அதுவரை நான் அடித்த அத்தனை ஜோக்கும் அன்று எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அங்கிள் டிவி முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாலு டன்னுக்கு மேல் என்றேன். சிரித்தார். கூரை விழும் என்றேன். இன்னும் சிரித்தார்.

"நீதானே மேன் சொன்ன, நீ ஏறி நின்னா அதைவிட வெயிட்டுன்னு?"

"அது பவுன் அங்கிள். இது பவுண்டு."

"செம்ம மேன்! நல்லா அடிக்கிற!" தொடையைத் தட்டினார். "பவுனு, பவுண்டு! இத சர்ச்சுல சொல்லணும்."

நான் எவ்வளவுக்கெவ்வளவு முகத்தைச் சீரியஸாக வைத்தேனோ, அவ்வளவுக்கவ்வளவு அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் என் மனைவிதான் எழுந்து போனாள். முற்றத்தில் கிடந்த இருபது லிட்டர் பெயிண்ட் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். படியோரமாக நின்று ஈர மண்ணை விளிம்புவரை அள்ளிப் போட்டாள். அங்கிள் வேடிக்கை பார்க்கும் முகத்தோடு பின்னாலேயே வந்தார்.

"தூக்குங்க அங்கிள்."

ஒரு கையால் பிடித்தார். வாளி நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு சாண் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அங்கிள் நிமிரவில்லை. குனிந்தபடியே தன் வயல் முழுக்க இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார்.

"இது மாதிரி எத்தினி மேன்?"

"நூத்தி எழுபது."

அவர் தக்காளிச் செடிகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே போய், முன்பு மண் ஏற்றிய ஆள்களுக்குப் போன் செய்தார். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் எங்கள் ஹாலில்தான் படுத்தோம், ஆளுக்கொரு பக்கம் சுவரை ஒட்டி.

சனிக்கிழமை அந்த ஆள்கள் வந்து நூற்று நாற்பது வாளி இறக்கினார்கள். படிக்கட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்தால் சுலபம் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஞாயிறு அவர்கள் வரவில்லை. முப்பது வாளி மண் தூர மூலையில் மிச்சம் இருந்தது, படுக்கையறையின் அந்தக் கோடிக்கு நேர் மேலே. மதியம் அல்சூர் ஏரிப் பக்கம் வானம் கறுத்தது. அப்போதுதான் அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "மேன், மழைத்தண்ணி போற ஓட்டை அந்த மூலைலதான். மண்ணுக்கு அடில."

சுற்றிலும் ஓரடி வரப்பு. ஓட்டை அடைத்திருக்கிறது. பெரிய மழை பெய்தால் தோட்டம் தொட்டியாகிவிடும். தண்ணீர் கன அடிக்கு அறுபத்திரண்டு பவுண்டு. இந்த முறை சரியாகத்தான் பெருக்கினேன். சனிக்கிழமை இறக்கியதில் முக்கால்வாசியை வானம் திரும்ப ஏற்றிவிடும்.

அந்த நேரத்தில் கீழே வீட்டுக்குள் பொத்தென்று ஒரு சத்தம். படிக்கட்டில் நின்றிருந்த மூன்று பேரும் அசையவில்லை.

"என்னா மேன் அது?"

"எட்டு கிராம் அங்கிள்" என்றேன். பயத்தில் எனக்கு வாய் தானாகப் பேசும். யாரும் சிரிக்கவில்லை.

படியிறங்கிப் போய் படுக்கையறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து வெறுங்கட்டிலில் நான் படுக்கும் பக்கத்தில் கிடந்தது. ஒரு பவுண்டு ரொட்டி அளவு. அது இருந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

மேலே வந்து வாளியை எடுத்தேன். மனைவி அதன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எவ்ளோ?"

"என்ன எவ்ளோ?"

"வெயிட்டு."

"எண்பத்திரெண்டு."

"அங்கிள்?"

"செவன்டி ஃபைவ் மேன்."

"நான் அம்பத்திநாலு. கிலோலதான் சொல்றேன், பெருக்க வேணாம்." வாளியை என்னிடமிருந்து உருவினாள். "அரை அரை வாளியா அள்ளித் தரேன். படிலேயே நின்னு வாங்குங்க. உள்ள கால வெக்காதீங்க."

நான் தடுத்தேன். கையைப் பிடித்தேன். அவள் சொன்ன கணக்கில் தப்பு எதுவும் இல்லை, அதனால் விட்டுவிட்டேன். சுவரை ஒட்டியபடியே வரப்பின்மேல் ஒவ்வொரு அடியாக வைத்து அந்த மூலைக்குப் போனாள். முதல் சொட்டு மழை என் கண்ணாடியில் விழுந்தது. அவள் குனிந்து அள்ளும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே காதைக் கொடுத்தேன். அவள் வரப்பின்மேல் நடந்து கொண்டுவந்து நீட்டிய வாளியை வாங்கி அங்கிளிடம் கொடுத்தேன், அங்கிள் முற்றத்தில் கொட்டினார். ஒன்று. இரண்டு. பன்னிரண்டாவது வாளிக்கு மழை வலுத்தது. அவள் புடவை முழங்கால்வரை மண்ணாகியிருந்தது. இருபதாவது வாளிக்குக் கீழே இன்னொரு பொத். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை, ஆனால் எந்த எண்ணில் இருந்தேன் என்று தெரியவில்லை.

பிறகு அவள் மண்டியிட்டாள். முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். தேங்கியிருந்த தண்ணீர் ஒரு சுழியாகச் சுழன்று ஓட்டைக்குள் இறங்கியது. கீழே சந்தில் குழாய் வழியாக அது கொட்டும் சத்தம் கேட்டது.

"போவுது!" என்றாள்.

"திரும்பி வா."

"இன்னும் கொஞ்சம் மண்ணு இருக்கு."

"எவ்ளோ?"

அவள் சேற்றுக் கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு மிச்ச மண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். அடுத்த வாளியை அள்ளினாள்.